கொக்கி, கேபிள், மின்மோட்டார்: ஜெட் விமானங்களின் அவசர கியர், ஃப்ளாப் ஏற்பாடுகள் பற்றி ஒரு மதிப்பீடு

போயிங் 737 விமானத்தின் காக்பிட்டில், துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே மூன்று கைப்பிடிகள் தெரியும்: இடது கியருக்கு ஒன்று, முன் கியருக்கு ஒன்று, வலது கியருக்கு ஒன்று. விமானத்தின் ஹைட்ராலிக் எண்ணெய் (அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் எண்ணெய்) முழுவதும் வெளியே கொட்டிப்போயிருந்தாலும், மின்சாரம் தடுமாறிக்கொண்டிருந்தாலும், இந்தக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சக்கரங்களை இறக்கிவிடலாம். பராமரிப்புப் பொறியாளராக இருபத்தாறு ஆண்டுகள் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வேலை செய்தவன் நான். விமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த கருவி எது என்று யாராவது கேட்டால், இயந்திரத்தையோ கணினியையோ சொல்ல மாட்டேன். இந்த மூன்று கைப்பிடிகளைத்தான் சொல்வேன்.

ஜெட் விமானங்களில் லேண்டிங் கியருக்கும் (சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும்) ஃப்ளாப்புக்கும் (குறைந்த வேகத்தில் இறங்க உதவும் இறக்கைத் தகடுகள்) இருக்கும் அவசர ஏற்பாடுகளை இங்கே மதிப்பிட முயல்கிறேன். 737, ஏர்பஸ் ஏ320 ஆகிய இரண்டிலும் நான் கைவைத்து வேலை செய்திருக்கிறேன். சிறிய சைட்டேஷன் வகை விமானங்களோடும் சில காலம் பழகியிருக்கிறேன். போயிங்கின் பெரிய விமானங்களான 767, 777 ஆகியவற்றைப் பற்றிக் கையேடுகளையும் விசாரணை அறிக்கைகளையும் படித்த அளவில் சொல்கிறேன். எந்த மாற்று ஏற்பாட்டை எடுத்துக்கொண்டாலும் அதன்முன் நான் வைக்கும் கேள்வி ஒன்றே: முதல் ஏற்பாடு எந்தக் காரணத்தால் கெட்டதோ, அதே காரணம் இதையும் கெடுத்துவிடுமா? கெடுக்கும் என்றால், அது எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் பாதி ஏற்பாடுதான்.

கியர் சாதாரணமாக ஹைட்ராலிக் அழுத்தத்தால் ஏறி இறங்குகிறது. 737, ஏ320 இரண்டிலும் இந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு. ஆனால் மேலே ஏறிய கியரைப் பறக்கும் நேரமெல்லாம் அங்கேயே தாங்கிப் பிடித்திருப்பது எண்ணெய் அன்று. அப்லாக் எனப்படும் உருக்குக் கொக்கிதான். அந்தக் கொக்கியை விலக்கிவிட்டால், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கால் தானாகவே கீழே விழும். விழுந்த கால் மறுபடி மடங்கிவிடாமல் ஸ்பிரிங்குகள் இழுத்துப் பூட்டும். ஆகவே கியரின் அவசர ஏற்பாடு என்பது, சாரத்தில், கொக்கியை விலக்க வேறொரு வழி என்பதுதான். மீதி வேலையைப் பூமி பார்த்துக்கொள்கிறது. அமெரிக்க விமானத் தகுதி விதிகளின் 25.729-ஆம் பிரிவும், அதே எண்ணில் உள்ள ஐரோப்பிய விதியும் இதைக் கட்டாயமாக்குகின்றன: கியரை ஏற்றி இறக்கும் வழக்கமான அமைப்பில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எந்தப் பழுது வந்தாலும், ஹைட்ராலிக்கோ மின்சாரமோ ஏதேனும் ஓர் ஆற்றல் மூலம் முழுதாகப் போய்விட்டாலும், கியரை இறக்க அவசர வழி இருந்தாக வேண்டும்.

737-இன் வழி இவற்றில் மிகப் பழைய பாணி. கைப்பிடியிலிருந்து கேபிள் புறப்படுகிறது. உருளைகளின் மேல் ஓடுகிறது. கொக்கியில் போய் முடிகிறது. வழியில் மின்சாரம் இல்லை, எண்ணெய் இல்லை, கணினி இல்லை. கைப்பிடியை ஏறத்தாழ இரண்டடி நீளத்துக்கு, அது நிற்கும் இடம் வரை, இழுக்க வேண்டும். அரைகுறையாக இழுத்தால் கொக்கி விலகாது. முன் கியர் முன்புறமாக மடங்கி ஏறுவது என்பதால், இறங்கும்போது எதிர்க்காற்றே அதைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டும் நிலைக்குக் கொண்டுசேர்க்கிறது. பிரதான கியரின் சக்கரங்களுக்கு 737-இல் மூடும் கதவே கிடையாது என்பதால், கதவு ஒன்று தனியே திறக்க வேண்டும் என்ற கவலையும் அங்கே இல்லை. எங்கெல்லாம் ஓர் உறுப்பைக் குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைத்திருக்கிறார்கள்.

இதை ஹேங்கரில் சோதிக்கும் நாள் எனக்கு எப்போதும் சற்றுப் பதற்றமான நாள். விமானம் ஜாக்குகளின் மேல் ஏறி நிற்கும்; சக்கரங்கள் தரையைத் தொடாது. சுற்றிலும் கயிறு கட்டி, உள்ளே யாரும் இல்லை என்று ஒருவருக்கு இருவர் பார்த்துக்கொள்வோம். தரை ஹைட்ராலிக் வண்டியை இணைத்துக் கியரை மேலே ஏற்றிவிட்டு, வண்டியை நிறுத்தி, அழுத்தத்தை வடித்துவிடுவோம். பிறகு காக்பிட்டில் இருப்பவர் மூடியைத் திறந்து கைப்பிடியை இழுப்பார். முதல் ஓரடி கேபிளின் தளர்வும் இழுவையும் மட்டும் கையில் தெரியும். அதற்குப் பிறகு எடை கூடும். தோள் வரை வந்து நிற்கும். அப்படியே இழுத்துக்கொண்டிருக்கையில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்ததுபோல் கை லேசாகும். அந்தக் கணத்தில் கீழே நிற்பவருக்குக் கொக்கி விலகும் சத்தமும், கால் வீசி வரும் காற்றும், கடைசியில் பூட்டு விழும் கனத்த ஓசையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். ஹெட்செட்டில் 'பச்சை' (கியர் பூட்டியதைக் காட்டும் விளக்கு எரிகிறது) என்ற ஒரு சொல் வரும் வரை யாரும் பேச மாட்டோம். ஹேங்கருக்குள் எதிர்க்காற்று இல்லை என்பதால் முன் கியருக்கு இது முழுப் பரீட்சை ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒருமுறை அந்தச் சோதனையில் முன் கியரின் கைப்பிடி அசையவே மறுத்தது. திடமான ஆள் ஒருவர் கால்களை ஊன்றி இரண்டு கைகளாலும் இழுத்த பிறகுதான் கொக்கி விட்டது. கழற்றிப் பார்த்தபோது, கேபிள் ஓடும் உருளை ஒன்றில் பழைய கிரீஸ் காய்ந்து கட்டியாகி, உருளை சுழலாமல் கேபிள் அதன்மேல் உரசிக்கொண்டு போயிருந்தது தெரிந்தது. அதற்கு முந்தைய பராமரிப்பை வேறு ஓர் இடத்தில் செய்திருந்தார்கள்; சோதனை செய்யப்பட்டது என்று தாளில் கையெழுத்தும் இருந்தது. அந்த உருளையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். மேலே இருக்கும் துணை விமானி உடல்வலு குறைந்தவராகவும், இருட்டில், குலுங்கும் விமானத்தில், முதுகைத் திருப்பிக் குனிந்து இழுப்பவராகவும் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. 737-இன் ஏற்பாட்டில் நான் காணும் குறை இதுதான்: அது மனிதரின் தசையை நம்பியிருக்கிறது, ஆகவே அந்தக் கேபிளைப் பேணுகிறவரின் நேர்மையையும் நம்பியிருக்கிறது. அப்படியிருந்தும் இதற்கு என் பட்டியலில் முதலிடம் கொடுக்கத் தயங்க மாட்டேன்.

ஏ320-இல் இதே வேலைக்கு, இரண்டு விமானிகளுக்கும் நடுவில் உள்ள மேடையின் பின்பக்கத்தில், மடித்து வைக்கக்கூடிய ஒரு திருகுப்பிடி இருக்கிறது. அதை வெளியே எடுத்து, கடிகாரம் சுழலும் திசையில் மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். சுற்றும்போதே கியருக்குப் போகும் பச்சை ஹைட்ராலிக் (ஏ320-இன் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளுக்குப் பச்சை, மஞ்சள், நீலம் என்று பெயர்) துண்டிக்கப்படுகிறது, கதவுகளின் பூட்டு விலகுகிறது, கியர்களின் பூட்டும் விலகுகிறது. மூன்று கால்களும் ஒரே பிடியில் கீழே வந்துவிடுகின்றன. 200 நாட்டுக்கு (மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டருக்கு) மேல் வேகம் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது என்பது வரம்பு. மூன்று முறை குனிந்து இழுப்பதைவிட மூன்று சுற்றுச் சுற்றுவது உடலுக்கு எளிது. இருக்கையிலிருந்து எட்டும் தொலைவில் இருப்பதும் நல்லது. ஆனால் எளிமைக்கு ஒரு விலை உண்டு. இப்படி இறக்கிய பிறகு கதவுகள் திறந்தபடியே தொங்கும். பல விமானங்களில் முன் சக்கரத்தைத் திருப்பும் வசதியும் போய்விடும். பத்திரமாக இறங்கிய பிறகும் ஓடுபாதையிலிருந்து தானாக விலக முடியாமல், இழுவை வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டிவரலாம். உயிரோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே அன்று என்றாலும், ஒற்றை ஓடுபாதை உள்ள விமான நிலையத்தில் பின்னால் வரிசையில் வரும் விமானங்களுக்கு அது பெரிய செய்தி.

பெரிய விமானங்களில் கொக்கியிலிருந்து காக்பிட் வரை கேபிள் இழுப்பது கடினம். தொலைவும் உராய்வும் கூடிவிடும். அதனால் அங்கே கொக்கியை விலக்கும் வேலையை மின்மோட்டாரிடம் கொடுத்தார்கள். விமானி ஒரு சுவிட்சை அழுத்துகிறார். மோட்டார் கொக்கியை இழுக்கிறது. மற்றது பழையபடி எடையின் வேலை. தசைக்கு இங்கே வேலையில்லை. ஆனால் நான் முதலில் சொன்ன கேள்வியை இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

2011 நவம்பர் 1 அன்று, லாட் போலந்து விமான நிறுவனத்தின் 767-300 ஒன்று அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து வார்சா நோக்கிப் புறப்பட்டது. புறப்பட்டவுடனேயே வலது பிரதான கியர் அருகே ஹைட்ராலிக் குழாய் ஒன்று கிழிந்து, நடு ஹைட்ராலிக் அமைப்பின் எண்ணெய் முழுவதும் போய்விட்டது. 767-இல் கியரும் ஃப்ளாப்பும் அந்த நடு அமைப்பையே நம்பியிருக்கின்றன. இரண்டுக்கும் மின்மோட்டாரால் இயங்கும் மாற்று வழி இருந்ததால், கேப்டன் டாடியூஷ் ரோனா அட்லாண்டிக்கைக் கடந்து பயணத்தைத் தொடர்ந்தார். அந்த முடிவில் நான் குறை காண மாட்டேன். மீதமிருந்த எரிபொருள் எடையோடு உடனே இறங்குவதும் நல்ல வழியாக இருந்திருக்காது. வார்சாவில் மாற்று வழியில் ஃப்ளாப்புகள் இறங்கின. கியர் இறங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்டார்கள். போலந்து விமானப்படையின் எஃப்-16 விமானங்கள் அருகே வந்து பார்த்து, சக்கரங்கள் கீழே இல்லை என்று சொல்லின. கடைசியில் வயிற்றுப் பகுதியால் ஓடுபாதையில் உராய்ந்து நின்றது அந்த விமானம். உள்ளே இருந்த 231 பேரில் ஒருவருக்குக்கூடக் காயமில்லை. அந்த இறக்கத்தின் நேர்த்தியைப் பாராட்டச் சொற்கள் போதா.

பிறகு தெரியவந்ததுதான் என் தொழிலுக்கு உரிய பாடம். கொக்கியை விலக்கும் மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதையில் சி829 என்ற எண் கொண்ட ஒரு சர்க்கிட் பிரேக்கர் (மின்பாதையைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பொத்தான்) விலகிக் கிடந்தது. அது காக்பிட்டில் வலப்புறப் பலகையில், தரைக்கு மிக அருகில், கால் படவோ பை உரசவோ வாய்ப்புள்ள இடத்தில் இருந்தது. விமானத்தை ஓடுபாதையிலிருந்து தூக்கிய பிறகு, அந்த பிரேக்கரை உள்ளே அழுத்தி, மாற்று சுவிட்சைப் போட்டார்கள். கியர் சொன்னபடி இறங்கியது. மோட்டாரில் பழுதில்லை, கொக்கியில் பழுதில்லை, வடிவமைப்பின் தர்க்கத்திலும் பெரிய தவறில்லை. ஆனால் ஒரு மின்பாதை அறுந்திருப்பதை, அது தேவைப்படும் நொடி வரை, யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தது அந்த ஏற்பாடு. கேபிள் அறுந்திருந்தால் இழுக்கும் கைக்கு உடனே தெரியும். சுவிட்ச் அழுத்தும் விரலுக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. மின்வழி ஏற்பாடுகளைக் கேபிளுக்குக் கீழே நான் வைப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

777-இல் இது ஒரு படி திருத்தமாகியிருக்கிறது. அங்கே மாற்று சுவிட்ச், இதற்கென்றே உள்ள ஒரு நேர்மின்னோட்டப் பம்பை இயக்குகிறது. அந்தப் பம்ப் ஹைட்ராலிக் அழுத்தத்தால் கதவுகளின் பூட்டுகளையும் கியர்களின் பூட்டுகளையும் விலக்குகிறது. வலு அதிகம், உறைந்துபோன கொக்கியையும் விடுவிக்கும். ஆயினும் மின்சாரமும் எண்ணெயும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கும் உண்டு.

சிறிய ஜெட்டுகளில் இன்னொரு வழி இருக்கிறது. சைட்டேஷன் வகை விமானத்தில் முதலில் ஒரு 'டி' வடிவப் பிடியை இழுத்துக் கொக்கிகளை விலக்குவார்கள். கால்கள் விழுந்ததும் விமானத்தை இடமும் வலமுமாகச் சற்றே அசைத்துப் பூட்டவைப்பார்கள். அதன் பிறகு வட்டப் பிடி ஒன்றை இழுத்தால், மூக்குப் பகுதியில் உள்ள சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் பாய்ந்து கால்களைக் கீழ்நோக்கி அழுத்தும். எளிமையானது, வலுவானது. ஆனால் சிலிண்டரில் இருப்பது ஒரே முறைக்கான அழுத்தம். அதே சிலிண்டர்தான் அவசர பிரேக்குக்கும் என்பதால், புறப்படும் முன் அதன் அளவுமானியைப் பாராமல் விமானத்தைச் சுற்றி வருகிற விமானியை நான் மன்னிக்க மாட்டேன்.

கியரைப் பற்றி இவ்வளவு நிம்மதியாகப் பேச முடிகிறது. ஃப்ளாப்பைப் பற்றி அப்படிப் பேச முடிவதில்லை. கியருக்குப் பூமியின் இழுவை துணைக்கு நிற்கிறது. ஃப்ளாப்புக்கு அந்தத் துணை இல்லை. இறக்கையின் பின்விளிம்பிலிருந்து பின்னும் கீழுமாக நீள வேண்டிய அந்தப் பெரிய தகடுகளை, மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. ஆகவே எடையை நம்பி விடுவிக்கும் வழி இங்கே கிடையாது. எப்படியும் ஒரு மோட்டார் சுழல வேண்டும். அதோடு இடது இறக்கையிலும் வலது இறக்கையிலும் ஒரே அளவாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் விமானம் புரளத் தொடங்கிவிடும். அந்தச் சமநிலையைப் பற்றி விதிகள் விரிவாகப் பேசுகின்றன. கியருக்கு உள்ளதுபோல, அவசரத்தில் இறக்க வழி இருந்தே ஆக வேண்டும் என்று ஃப்ளாப்புக்கென்று ஒரு தனிக் கட்டளை இல்லை. ஃப்ளாப் இல்லாமலும் விமானம் இறங்க முடியும் என்பது அதன் பின்னுள்ள நியாயம். முடியும் என்பது உண்மை. எவ்வளவு வேகத்தில், எவ்வளவு ஓடுபாதையில் என்பதுதான் கேள்வி.

737-இல் பின்விளிம்பு ஃப்ளாப்புகளை 'பி' ஹைட்ராலிக் அமைப்பு இயக்குகிறது. அது போனால், தலைக்கு மேலுள்ள பலகையில் காப்பு மூடியிட்ட ஒரு சுவிட்சைத் தயார் நிலைக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் உள்ள இன்னொரு சுவிட்சைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். பிரதான கியர் அறையில் உள்ள ஃப்ளாப் இயக்கும் பெட்டியில் ஒரு மின்மோட்டார் இருக்கிறது. ஹைட்ராலிக் மோட்டார் செய்யும் வேலையை இது மெதுவாகச் செய்யும். முன்விளிம்பில் உள்ள தகடுகளை, மின்பம்பால் இயங்கும் மூன்றாவது, அதாவது ஸ்டாண்ட்பை, ஹைட்ராலிக் வெளியே தள்ளுகிறது. ஃப்ளாப் நெம்புகோலில் 15 என்று குறித்த நிலை வரை பின்விளிம்பு ஃப்ளாப்புகள் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிடிக்கும். கேட்பதற்கு அது சிறிய நேரம். ஆனால் நெருங்கி வரும் விமானம் இரண்டு நிமிடத்தில் கடக்கும் தொலைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து மைலுக்குக் குறையாது. வழக்கமான இடத்தில் தொடங்கலாம் என்று காத்திருந்தால் ஃப்ளாப் பாதியில் இருக்கும்போதே ஓடுபாதை வந்து நிற்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. வழக்கமான முறையில் இடதும் வலதும் மாறுபட்டால் ஃப்ளாப்பைத் தானாக நிறுத்திவிடும் காவல் உண்டு. மாற்று முறையில் அந்தக் காவல் இல்லை. அங்கே காவல் விமானியின் கண்தான். ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் சுவிட்சைப் பிடித்தபடி, ஃப்ளாப் அளவுமானியில் இடதுக்கும் வலதுக்குமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இரண்டு முட்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முட்கள் பிரியத் தொடங்கினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். முன்விளிம்புத் தகடுகளோ, இந்த முறையில் ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே போகாது. இறங்க முடியாமல் மறுபடி மேலே ஏற நேர்ந்தால், அந்தச் சுமையோடுதான் ஏற வேண்டும். அடுத்த விமான நிலையத்துக்குப் போக நேர்ந்தால் எரிபொருள் கணக்கே மாறிவிடும். கியருக்கு 737 கொடுத்த அளவு நிம்மதியை ஃப்ளாப்புக்குக் கொடுக்கவில்லை என்பதே என் தீர்ப்பு. ஆனால், அமைப்பு 'ஏ', அமைப்பு 'பி' இரண்டும் போன பிறகும் ஃப்ளாப்பை இறக்க ஒரு வழி மிஞ்சியிருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சிறிய விஷயம் அன்று.

ஏ320-ஐ வடிவமைத்தவர்கள் வேறு பாதையில் போனார்கள். அங்கே தனியாக மாற்று சுவிட்ச் என்று ஒன்றுமே இல்லை. ஃப்ளாப்பை இயக்கும் பெட்டியில் இரண்டு ஹைட்ராலிக் மோட்டார்கள்: ஒன்று பச்சை அமைப்பிலிருந்து, மற்றது மஞ்சள் அமைப்பிலிருந்து. முன்விளிம்பு ஸ்லாட்டுகளுக்குப் பச்சையும் நீலமும். ஓர் அமைப்பு போனால் மற்ற மோட்டார் பாதி வேகத்தில் வேலையை முடிக்கும். விமானி எந்தப் பொத்தானையும் தேட வேண்டியதில்லை, வழக்கமான நெம்புகோலையே நகர்த்தினால் போதும். இடமும் வலமும் பிரியத் தொடங்கினால் இறக்கை நுனியில் உள்ள பிரேக்குகள் பூட்டிவிடும். அந்தக் காவல் எப்போதும் விழித்திருக்கிறது. பயன்படுத்துகிறவரின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட நயமான ஏற்பாடு இல்லை. ஆனால் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகப் போகும் நாளில் ஃப்ளாப் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஸ்லாட் மட்டும் நீலத்தின் தயவில் மெல்ல இறங்கும். மின்மோட்டார் என்ற மூன்றாவது வழி அங்கே இல்லை. ஒரு பழுதுக்கு மிக அழகாகவும் இரண்டு பழுதுக்குச் சற்றுக் கடுமையாகவும் நடந்துகொள்ளும் ஏற்பாடு இது.

இரண்டின் நன்மையையும் சேர்த்துக் கட்டியது 777 என்று தோன்றுகிறது. நடு ஹைட்ராலிக் போனால் ஃப்ளாப்புகள் தாமாகவே மின்மோட்டாருக்கு மாறிக்கொள்கின்றன. நெம்புகோல் அதேதான், இடவலக் காவலும் அப்படியே இருக்கிறது. அதுவும் நடக்கவில்லை என்றால் மட்டுமே மாற்று சுவிட்ச். அதில் 20-ஆம் நிலை வரை இறக்கலாம், காவல் கிடையாது. ஃப்ளாப் ஏற்பாடுகளில் எனக்கு முதலிடம் இதற்கே.

மாற்று வழி இருப்பதும் இல்லாததும் என்ன வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. யுனைட்டெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் வால் இயந்திரத்தின் விசிறித்தட்டு உடைந்து சிதறி, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் ஒரே அடியில் அழித்துவிட்டது. கியரை மாற்று முறையில் இறக்கினார்கள். அது இறங்கியது, பூட்டியது. ஃப்ளாப்பை இறக்க ஒரு வழியும் இருக்கவில்லை. திசைதிருப்பும் கருவிகள் எதுவும் இல்லாமல், மீதமிருந்த இரண்டு இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுவந்த அந்த விமானம் ஏறத்தாழ 215 நாட் வேகத்தில் தரையைத் தொட்டது. அளவான ஃப்ளாப்போடு வந்திருந்தால் அந்த வேகம் எவ்வளவோ குறைந்திருக்கும். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அத்தனை பேர் பிழைத்ததே அந்தக் காக்பிட்டில் இருந்தவர்களின் திறமையால்தான். ஃப்ளாப் ஒன்று மட்டும் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே விமானத்தில், ஒரே நொடியில், எடையை நம்பிய ஏற்பாடு பிழைத்ததையும் எண்ணெயை மட்டும் நம்பிய ஏற்பாடு செத்ததையும் பக்கத்தில் பக்கமாக அங்கே பார்க்க முடிகிறது.

வேகம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். பத்து விழுக்காடு வேகம் கூடினால் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் இருபத்தொரு விழுக்காடு கூடும். அதனால்தான் இத்தகைய பழுது வந்த விமானம் உடனே இறங்காமல் வானத்திலேயே சுற்றுகிறது. எடை குறைந்தால் இறங்கும் வேகமும் குறையும். 2024 அக்டோபர் 11 அன்று மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737 விமானம், ஹைட்ராலிக் பழுது தெரிந்ததும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வட்டமிட்டு எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, இரவு எட்டே கால் மணியளவில் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. அந்த இரண்டரை மணி நேரமும் தொலைக்காட்சிகள் அதைத் தத்தளிப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தன. 737-இல் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். அங்கே நடந்தது தத்தளிப்பு அன்று, கணக்கு. வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு, கையேட்டின் வரிகளை ஒவ்வொன்றாக முடித்து, கனம் குறைந்த விமானத்தை மெதுவாக இறக்கும் கணக்கு.

கியர் உண்மையில் பூட்டியதா என்று காட்டும் விளக்குகளையும் இந்த ஏற்பாடுகளின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். 1972 டிசம்பர் 29 அன்று ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானம் விழுந்து 101 பேர் இறந்ததற்கு, முன் கியரின் ஒரு சிறிய விளக்கு எரியாமல் போனதும், எல்லோரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததும் தொடக்கம். கியர் கீழேதான் இருந்தது. 737-இல் முன் பலகையில் உள்ள மூன்று பச்சை விளக்குகளுக்கு மறு தொகுதியாகத் தலைக்கு மேலுள்ள பலகையிலும் மூன்று வைத்திருக்கிறார்கள். முன்னால் ஒன்று எரியாவிட்டால் மேலே பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று பச்சை காட்டினால் கியர் பூட்டியிருக்கிறது. இவ்வளவு மலிவான, இவ்வளவு பயனுள்ள ஒரு திருத்தத்தை விமானத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மறுபடி அந்த மூடியிடமே வருகிறேன். அது திறந்திருந்தால் 737-இல் கியரை மேலே ஏற்ற முடியாது; அவசரத்தில் இறக்கிய கியரைத் தவறுதலாக யாரும் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல காவல். ஆனால் சோதனை முடித்த பிறகு மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டால், அடுத்த பயணத்தில் புறப்பட்டவுடன் கியர் ஏற மறுத்து, பயணிகளோடு விமானம் திரும்பி வர வேண்டியதாகிவிடும். அதனால் விமானம் ஜாக்கிலிருந்து இறங்கி, கருவிகள் எண்ணி முடித்து, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு, நான் ஒருமுறை தனியாகக் காக்பிட்டுக்குப் போவேன். துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால் மண்டியிட்டு, மூடியின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவி, தரையோடு சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கி வருவேன்.